பள்ளிக்கரணையைச் சுற்றி 1 கிலோமீட்டர்: மாடியை எண்ணுவதா, மண்ணைப் பார்ப்பதா?

கேள்வி இது: "பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குக் கட்டட அனுமதியை நிறுத்தி வைத்தது சரியா? சென்னையில் வீடு பற்றாக்குறை, அதனால் மாடியைக் கூட்டிக் கட்டவேண்டும் என்கிறது ஒரு தரப்பு. ஏரிப் பக்கமே போகாதே என்கிறது இன்னொரு தரப்பு. எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனைக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பை, குறைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தீர்வு வந்துவிடாதா?"

தற்காலிகமாக நிறுத்தியது சரி என்பது என் கருத்து. ஆனால் 1 கிலோமீட்டர் என்ற அளவை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் அது தவறாகத்தான் முடியும். எஃப்.எஸ்.ஐ.யைக் குறைப்பது கேட்க நன்றாக இருக்கும், வெள்ளத்துக்கு அதனால் பெரிய பலன் இல்லை. சில இடங்களில் நிலைமை மோசமாகக்கூடச் செய்யும். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த 1 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை 2022இல் சேர்ந்தது. பட்டியலில் உள்ள பரப்பு 1,247.54 ஹெக்டேர். அதில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது ஒரு பகுதிதான். மீதியில் எந்தெந்த சர்வே எண் எல்லைக்குள் வருகிறது, எது பட்டா நிலம், எது புறம்போக்கு என்பதை, அனுமதியை நிறுத்தியபோது தரையில் அளந்து முடித்திருக்கவில்லை. ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் 2017இல் வந்தவை. அவற்றின்படி ஈரநிலத்துக்கு உள்ளே என்ன செய்யக்கூடாது என்று மட்டும் சொன்னால் போதாது. அதைச் சுற்றி 'தாக்க மண்டலம்' ஒன்றை வரையவேண்டும். அந்த மண்டலத்துக்குள் எது தடை, எது கட்டுப்பாட்டோடு அனுமதி, எது தாராளமாகச் செய்யலாம் என்று பட்டியல் போடவேண்டும். பள்ளிக்கரணைக்கு அந்த வேலை அதுவரை நடக்கவே இல்லை. அதனால் 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லைக்குள்ளும் அதிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்துக்கும் அனுமதி தரக்கூடாது என்றது. திட்ட அனுமதி தரும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) விண்ணப்பங்களை அப்படியே நிறுத்திவிட்டது.

அதாவது 1 கிலோமீட்டர் என்பது சட்டத்தில் எழுதிய அளவு இல்லை. வரைபடம் இல்லாத குறைக்குப் போட்ட தற்காலிகக் கோடு. விதிகள் தாக்க மண்டலத்துக்குச் சொல்லும் விளக்கம் தூரத்தைப் பற்றியே பேசவில்லை. நீர்ப்பிடிப்புப் பரப்பில் எந்தப் பகுதியில் நடக்கும் வேலை ஈரநிலத்தைக் கெடுக்கிறதோ, அந்தப் பகுதி. அவ்வளவுதான்.

இப்போது பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், ஆதம்பாக்கம், வேளச்சேரி, சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம் என்று பட்டியல் போகும். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து, அதுவும் நிரம்பினால் அதற்கு அடுத்தது. கடைசியில் எல்லாம் சேர்ந்து பள்ளிக்கரணைக் கழுவெளியில் பரவும். அங்கிருந்து வெளியேறப் பெரிய வழி என்றால் ஒக்கியம் மடுவு. அதைத் தாண்டி பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல். உள்ளே வர ஏகப்பட்ட வழி, வெளியே போக ஒரு கழுத்து.

இந்தப் படத்தில் 1 கிலோமீட்டர் வட்டத்தை வைத்துப் பாருங்கள். சதுப்பு நிலத்திலிருந்து 800 மீட்டரில், மேட்டில், ஏற்கெனவே வீடுகள் நிறைந்த தெருவில் ஒருவர் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) இருக்கும் பழைய வீட்டை இடித்துக் கட்ட நினைக்கிறார். அவருக்குத் தடை. பல கிலோமீட்டர் மேலே, செம்பாக்கம் பக்கம் இரண்டு ஏரிகளை இணைக்கும் கால்வாயின் ஓரத்தில் ஒருவர் லேஅவுட் போடுகிறார். அரசின் நில அளவைப் படமான புல வரைபடத்தில் அங்கே 'வாய்க்கால்' என்று அகலத்தோடு கோடு போட்டிருக்கும். தரையில் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், நடுவில் ஒரு சிமென்ட் குழாய். ஆடி மாதத்தில் பார்த்தால் குழாய் போதும் என்றுதான் தோன்றும், கார்த்திகையில்தான் தெரியும் அதன் லட்சணம். அவர் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் இந்தத் தடை அவரைத் தொடாது. சதுப்பு நிலத்துக்கும் பள்ளிக்கரணை மக்களுக்கும் இவர்களில் யார் அதிகம் தீங்கு செய்கிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, அடர்த்திக்கு வருவோம். எஃப்.எஸ்.ஐ. என்றால் மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. முன்பு சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 இருந்தது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது 2 ஆகிவிட்டது. 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான சாலையில் உயர்மாடிக் கட்டடம் என்றால் 3.25. பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. 50 சதவீதம் வாங்கினால் 4.87 வரை போகலாம். பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) முப்பது மாடி எழும்புவது இப்படித்தான்.

இதைப் பார்த்ததும் "இத்தனை மாடியா, ஏரி தாங்குமா" என்று பதறுவது இயல்பு. ஒரு கணக்குப் போடுவோம். 10 ஏக்கர் மனையில் 3.25 என்றால் சுமார் 14 லட்சம் சதுர அடி. சராசரியாக 1,000 சதுர அடி என்று வைத்தால் 1,400 வீடு. அந்த 1,400 குடும்பமும் அடுக்குமாடி வேண்டாம், அரை கிரவுண்டில் தனி வீடு போதும் என்றால்? மனைகளுக்கு மட்டும் 38 ஏக்கருக்கு மேல் வேண்டும். சாலை, பூங்கா எல்லாம் சேர்த்தால் 60 ஏக்கரைத் தாண்டும். அந்த 60 ஏக்கரில் முக்கால்வாசி கூரையும் சிமென்ட்டுமாகத்தான் இருக்கும். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழும் தண்ணீர் 4 லட்சம் லிட்டர். 10 ஏக்கரை மூடுவது நல்லதா, 60 ஏக்கரை மூடுவது நல்லதா? எஃப்.எஸ்.ஐ.யைக் குறைத்தால் வீடு தேடுகிற ஜனம் குறையாது. அடுத்த ஊருக்கு, அடுத்த ஏரியின் ஆயக்கட்டுக்குப் போகும். மேடவாக்கத்தில் இடமில்லை என்றால் மாம்பாக்கம், அங்கும் இல்லை என்றால் இன்னும் தெற்கே.

இந்த வாதத்தைக் கட்டுநர்கள் தரப்பும் சொல்வார்கள், சரியாகவே சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. விவாதம் உண்மையில் அங்கேதான் இருக்கவேண்டும்.

விளம்பரப் படத்தில் "70 சதவீதம் திறந்தவெளி" என்று போட்டிருக்கும். கட்டடம் நிற்கும் இடம் 30 சதவீதம்தான் என்பது பொய் இல்லை. ஆனால் அந்தத் திறந்தவெளிக்குக் கீழே என்ன இருக்கிறது? கார் நிறுத்தத் தரைக்குக் கீழே இரண்டு தளம் (இதைத்தான் அடித்தளம் என்கிறேன், அஸ்திவாரத்தை அல்ல), மனையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. மேலே புல்தரை, அதற்குக் கீழே கான்கிரீட் தளம். சுற்றி 7 மீட்டர் தீயணைப்பு வண்டி போகும் பாதை, அதிலும் கல் பாவியிருக்கும். ஆக மழைநீர் இறங்க உண்மையான மண் எவ்வளவு மிச்சம்? ஓ.எஸ்.ஆர். என்று விதிப்படி பூங்காவுக்கு விட்ட 10 சதவீதம், அப்புறம் ஓரத்தில் கொஞ்சம் செடி வைத்த இடம். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அடித்தளம் தோண்டினால் இன்னொரு தொல்லை. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும். மாதக்கணக்கில் மோட்டார் வைத்து இறைத்துத் தெருவில் விட்டால்தான் வேலை ஓடும்.

இதைவிடப் பெரிய விஷயம் மண் கொட்டுவது. தாழ்வான மனைக்குத் திட்ட அனுமதி கேட்டால் நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கவேண்டும். அவர்கள் வெள்ள மட்டத்தைப் பார்த்து, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்கு மனையை உயர்த்து என்று நிபந்தனை போடுவார்கள். மனைக்காரர் பார்வையில் நியாயமான நிபந்தனைதான், அவர் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் வந்து நிற்கவேண்டிய தண்ணீர் எங்கே போகும்? 10 ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்தினால் 4 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம் போய்விட்டது. நிறைந்த வாளியில் செங்கல்லைப் போட்ட கதை. பக்கத்து மனைக்காரர் அடுத்த வருடம் இவரைவிட அரையடி கூடுதலாக உயர்த்துவார். சாலையையும் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்துவார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். எண்பதுகளில் கட்டிய வீடுகளுக்குத் தெருவிலிருந்து இரண்டு மூன்று படி இறங்கிப் போகவேண்டியிருக்கும், வாசலில் தண்ணீர் வராமல் தடுக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் திட்டு இருக்கும். அந்த வீட்டைக் கட்டியவர் பள்ளத்தில் கட்டவில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் உயர்ந்துவிட்டார்கள், அவர் பள்ளமாகிவிட்டார். 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் அதிகம் தவித்தது இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள்தான்.

அனுமதி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சட்டப்படி சரியாக இருக்கும். சேர்த்துப் பார்த்தால் ஊர் மூழ்கும். எஃப்.எஸ்.ஐ. 2 ஆக இருந்தாலும் 4 ஆக இருந்தாலும் கொட்டும் மண் அதேதான் என்பதைக் கவனியுங்கள். தடை போடவேண்டியது அதற்கு. தாழ்நிலத்தில் மண் கொட்டாமல் தூண்மேல் கட்டு, கீழே தண்ணீர் பரவ வழி விடு, அடித்தளம் தோண்டாதே, கொட்டியே ஆகவேண்டும் என்றால் அதே அளவுக்கு அதே நீர்வழியில் இன்னொரு இடத்தில் தோண்டிக் கொடு என்று விதி இருந்தால், பாதிப் பேர் தானாகவே மேட்டு நிலம் தேடிப் போவார்கள். செலவு அப்படி.

அடர்த்தியால் நேரடியாக வரும் கேடு ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். கழிவுநீர். 1,400 வீட்டில் வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டக் கணக்குப்படி போட்டால் ஏழரை லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் ஆறு லட்சம் லிட்டர் கழிவாக வெளியே வரும். ஓ.எம்.ஆர். ஓரத்துக் குடியிருப்புகள் பல, பாதாளச் சாக்கடை வருவதற்கு வெகு முன்பே குடியேறியவை. வளாகத்துக்குள் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சங்கம் அதைப் பாதி நேரம் நிறுத்தி வைக்கும். மீதியைக் கழிவுநீர் லாரி எடுத்துப் போகும். லாரி எங்கே கொட்டுகிறது என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்ப்பதில்லை. இரவில் ஏதாவது ஒரு மழைநீர்க் கால்வாயில் கொட்டினால் அது போய்ச் சேரும் இடம் சதுப்பு நிலம். ஆகவே குழாய் இணைப்பு முதலில், மாடி அப்புறம் என்ற வரிசை வேண்டும். எஃப்.எஸ்.ஐ.யைச் சாலை அகலத்தோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். சாக்கடைக் கொள்ளளவோடும் நில மட்டத்தோடும் ஏன் கட்டிப்போடக் கூடாது?

மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் நமக்கு இரண்டு எச்சரிக்கை கிடைக்கிறது. பெங்களூரில் மாஸ்டர் பிளான்படி ஏரியைச் சுற்றி 30 மீட்டர் விடவேண்டும் என்று இருந்தது. பெல்லந்தூர், அகரா ஏரிகள் பக்கம் வந்த கட்டுமானங்கள் தொடர்பான வழக்கில் 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் அதை 75 மீட்டராக்கியது, ஊர் முழுவதற்கும். 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் அந்தப் பகுதியை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி வந்த மாஸ்டர் பிளானைத் தீர்ப்பாயம் மாற்றி எழுத முடியாது என்பது காரணம். இங்கே 1 கிலோமீட்டரையும் நிரந்தரம் என்று நம்பி உட்கார்ந்தால் ஒரு நாள் அதே காரணத்துக்காக மொத்தமும் போகலாம். பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள் அதை மாஸ்டர் பிளானுக்குள் எழுத வைக்கவேண்டும்.

ஐதராபாத் கதை இன்னும் சுவையானது. 1908இல் மூசி ஆற்று வெள்ளம் ஊரை அழித்த பிறகு கட்டியவை உஸ்மான் சாகர், இமாயத் சாகர் என்ற இரண்டு ஏரிகள். அவற்றைக் காக்க 1996இல் அரசாணை 111 வந்தது. ஏரியிலிருந்து 10 கிலோமீட்டர், 84 கிராமம். எஃப்.எஸ்.ஐ. 0.5, நிலத்தில் 90 சதவீதம் விவசாயத்துக்கும் பசுமைக்கும். நாட்டில் இவ்வளவு கடுமையான ஏரி மண்டலம் அபூர்வம். கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்தது என்பதே பெரிய விஷயம். ஆனால் அந்தக் கிராமத்து விவசாயிக்கு என்ன ஈடு? ஒன்றுமில்லை. பக்கத்துக் கோகாபேட்டையில் 2023இல் ஒரு ஏக்கர் 100 கோடிக்கு மேல் ஏலம் போனது. இவர் நிலத்தைக் கேட்க ஆளில்லை. விதியை மீறிப் பண்ணை வீடு கட்டியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? 2022இல் அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது சொன்ன காரணம்: நகரக் குடிநீரில் இந்த ஏரிகளின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 1.25 சதவீதமாகக் குறைந்துவிட்டது, இனி எதற்குப் பாதுகாப்பு? ஏரிகள் கட்டப்பட்டதே வெள்ளத்தைப் பிடிக்க என்பது அந்தக் கணக்கில் இல்லை. குடிநீர் என்ற ஒரே காரணத்தின்மேல் மண்டலத்தை நிறுத்தியதால், அந்தக் காரணம் போனதும் மண்டலமும் ஆட்டம் கண்டது. இங்கே பறவையை மட்டும் காரணமாகச் சொல்லிப் பள்ளிக்கரணையைக் காக்கப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை. பூநாரை வராத வருடத்திலும் அந்த நிலம் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது, அதை முதலில் எழுதுங்கள்.

அரசாங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. இந்த ஊரில் ஏரியை மூடிக் குடியிருப்பு கட்டும் பழக்கத்தைத் தனியார் தொடங்கவில்லை. மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வற்ற வைத்துத் தியாகராய நகரை அமைத்தது 1920களில். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட மனைப்பிரிவுக்குப் பெயரே 'ஏரித் திட்டம்', இன்றைக்கும் விலாசத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். பள்ளிக்கரணைக்குள்ளேயே பெருங்குடி குப்பைமேடு இருக்கிறது, துரைப்பாக்கம் - பல்லாவரம் 200 அடி சாலை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களும் அங்கே இடம் வாங்கியிருக்கின்றன. செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நகருக்குள் கூவம், அடையாறு கரையில் இருந்த ஏழைகளைக் கொண்டுவந்து பல்லாயிரம் வீடுகளில் குடிவைத்தது அரசே. ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லித்தான் அவர்களை எழுப்பினார்கள். கொண்டுவந்து இறக்கிய இடத்தில் மழைக்காலத்தில் மாடிப்படிவரை தண்ணீர். அடர்த்தி விவாதத்தில் இவர்கள் குரல் கேட்பதே இல்லை. கட்டுநர் சங்கம் வழக்கறிஞர் வைத்திருக்கிறது, சூழல் அமைப்புகளும் வைத்திருக்கின்றன.

வீடு வாங்கியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சி.எம்.டி.ஏ. அனுமதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, வங்கியின் சட்டக் கருத்து எல்லாம் பார்த்துக் கடன் வாங்கியவரிடம், "சதுப்பு நிலம் என்று தெரியாதா" என்று கேட்பது அநியாயம். அவர் வாங்கியபோது அரசே சர்வே எண் வாரியாக எல்லை சொல்லியிருக்கவில்லை, அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இன்னொரு ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. 2017 ஈரநில விதிகள் குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்குக் கட்டியவை. அதாவது பள்ளிக்கரணைக்கு ராம்சர் கவசம் உண்டு, அதற்குத் தண்ணீர் அனுப்பும் செம்பாக்கத்துக்கும் சித்தாலப்பாக்கத்துக்கும் கிடையாது. 2007ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஏரிக்குள் ஆக்கிரமிப்பைத் தடுக்கும். ஏரிக்கு வெளியே வரத்துக் கால்வாயின் பக்கத்து மனையில் எவ்வளவு மண் கொட்டலாம் என்பது அதன் வேலை இல்லை.

ஆகவே தாக்க மண்டலத்தை எப்படி வரையலாம்? வட்டம் வேண்டாம். ராம்சர் எல்லையைச் சர்வே எண்ணோடு வெளியிட்டு, அதற்குள் புதுக் கட்டடம் இல்லை என்று முடித்துவிடலாம். பட்டாதாரருக்கு அங்கே இழப்பீடோ, வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளும் வளர்ச்சி உரிமையோ தந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஐதராபாத் கதைதான். அடுத்தது ஏரிகளை இணைக்கும் கால்வாய்கள், ஒக்கியம் மடுவு, அவற்றின் இரு கரை. இது எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் மண்டலத்துக்குள் வரவேண்டும். வெள்ளம் பரவும் தாழ்நிலத்தில் மண் கொட்டத் தடை, அடித்தளத் தடை, பாதாளச் சாக்கடை வந்த பிறகே அனுமதி. மீதி மேட்டு நிலத்தில், குறிப்பாக மெட்ரோ வரும் ஓ.எம்.ஆர். ஓரத்தில், தாராளமாக மாடி கட்டட்டும். அங்கே தடுத்தால் நஷ்டம் நமக்குத்தான். அரை கிரவுண்டுக்காரர் பழைய வீட்டை அதே மட்டத்தில் இடித்துக் கட்ட இத்தனை ஆய்வும் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அவருக்கு இன்றே விலக்கு தரலாம்.

இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008இல் அறிவித்தது, 2026வரைக்குமானது. அடுத்தது 2046வரை ஊரின் போக்கைத் தீர்மானிக்கும். வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது "அடர்த்தி வேண்டும்", "வேண்டாம்" என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். உங்கள் வார்டில் எந்த ஏரிக்கும் எந்த ஏரிக்கும் நடுவில் எந்தக் கால்வாய், புல வரைபடத்தில் அதற்கு எத்தனை மீட்டர் அகலம், தரையில் எத்தனை மிச்சம், அது நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் நீலக் கோடாக இருக்கிறதா, இல்லை குடியிருப்பு மஞ்சளுக்குள் கரைந்துபோய்விட்டதா என்று சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள். புல வரைபடமும், நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய 'அ' பதிவேடும் தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் சர்வே எண் கொடுத்தால் கிடைக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் எந்த மட்டம்வரை நின்றது என்று தேதி போட்டு எடுத்த படம் இருந்தால் அதையும் இணையுங்கள்.